கோமாளியின் சேலை: தோட்டத் தமிழர் கூத்து மரபில் பெண்வேடமும் நகையும்

முன்னுரை

கூத்து என்னும் சொல்லைக் கேட்டவுடன் முடியும் புயவணியும் தரித்த அரச வேடமே பலர்க்கும் நினைவில் எழும். ஆயினும், இரவு முழுவதும் கூத்தைக் கண்டு திரும்பியவர்கள் மறுநாள் காலையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது பெரும்பாலும் கோமாளியைப் பற்றியே ஆகும். அக்கோமாளி மீசையை மழிக்காமல் கொண்டை முடித்து, கணுக்கால் தெரியச் சேலை உடுத்து, பெண்ணாக நடந்து காட்டும் காட்சி அவற்றுள் தனியிடம் பெறும். நாடகத்தைப் பற்றி எழுதுவோர் இக்காட்சியை 'வெறும் சிரிப்பு' என்று கடந்து செல்வதே வழக்கமாக இருந்து வருகிறது. கதையின் ஓட்டத்திற்கு அது வேண்டப்படாதது என்பதும், சில வேளைகளில் அவையடக்கத்தை மீறுவது என்பதும் அதற்குக் கூறப்படும் காரணங்களாகும்.

கோமாளியின் பெண்வேடம் எவ்வாறு இயங்குகிறது, அது எதனைப் புலப்படுத்துகிறது, கோலசிலாங்கூரிலும் வடசிலாங்கூர்த் தோட்டங்களிலும் வாழ்ந்த தமிழருக்கு அஃது எத்தகைய பொருளுடையதாக இருந்திருக்கக்கூடும் என்பனவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. பெண்வேடமிட்ட ஆண்கள் அனைவரும் ஒரே கலையைச் செய்தவர் அல்லர். அவ்வேறுபாட்டை உணராதவரை, இன்று நம் பள்ளி மேடைகளில் எழும் பெண்வேடச் சிரிப்பை நம்மால் சரிவர மதிப்பிட இயலாது என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

1. பெண்வேடம்: இரு வேறு கலைகள்

தெருக்கூத்தில் ஆண், பெண் வேடங்கள் அனைத்தையும் ஆண்களே ஏற்பது மரபு. திரௌபதி அம்மன் திருவிழாவில் நிகழும் துகிலுரிதல் கூத்தில் திரௌபதியாக வருபவரும் ஓர் ஆணே. ஆனால் அவரைக் கண்டு எவரும் நகைப்பதில்லை. அவை அமைதியாகிறது, கற்பூரம் ஏற்றப்படுகிறது, ஆடுபவருக்கும் காண்பவருக்கும் அருள் வருவதும் உண்டு. அதே இரவில், அதே அவையின் முன், கட்டியக்காரன் தோழியாகவோ கிழவியாகவோ நொடிப்பொழுது மாறிப் பேசும்போது சிரிப்பு வெடிக்கிறது. இரண்டும் ஆண் தரித்த பெண்வேடங்களே. பார்ப்போரும் அதே மக்களே. எனவே ஓர் ஆண் சேலை உடுத்துவது மட்டுமே தமிழ் அவைக்கு நகைப்பை விளைவிப்பதில்லை என்பது இதனால் தெளிவாகிறது. நகைப்புக்குக் காரணம் வேடத்தை ஆடும் முறையில் உள்ளது.

முதல்வகைப் பெண்வேடத்தின் இலக்கு மறைத்தல். நடிகர் தம் ஆண் உடலை அவை மறக்கும்படி செய்ய வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வளர்ந்த மேடை நாடகம் இக்கலையை 'ஸ்திரீபார்ட்' என்னும் பெயரில் ஒரு தொழிலாகவே வளர்த்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையில் ரங்கவடிவேலு பெண்பாத்திரங்களில் புகழ் பெற்றார். சங்கரதாசு சுவாமிகள் (1867-1922) உருவாக்கிய பாலர் நாடக மரபில் சிறுவர்களே நாயகியராயினர். அம்மரபில் வளர்ந்த டி. கே. சண்முகம் ஔவையாராக நடித்த சிறப்பால் 'ஔவை சண்முகம்' என்றே அழைக்கப்பட்டார். எதிர்த்திசையில், கே. பி. சுந்தராம்பாள் ஆண்வேடங்களிலும் புகழ் பெற்று, 1935ஆம் ஆண்டு வெளிவந்த 'பக்த நந்தனார்' திரைப்படத்தில் நந்தனாராகவே தோன்றினார்.

இரண்டாம் வகையின் இலக்கு வெளிக்காட்டல். தெருக்கூத்தின் கட்டியக்காரனும், பின்வந்த 'ஸ்பெஷல்' நாடகத்தின் பபூனும் இதற்கு உரியவர்கள். கட்டியம் கூறி அரசனை அவைக்கு அறிமுகப்படுத்துபவன் என்பதே கட்டியக்காரன் என்னும் பெயரின் பொருள். ஆனால் அவன் பணி அத்துடன் முடிவதில்லை. அரசனை வினவுவான், அவன் பேச்சை அவையின் பேச்சுமொழியில் திருப்பிச் சொல்வான், கதைக்குள் நின்றுகொண்டே ஊர்ச்செய்தியைப் பேசுவான், காவலன், தூதன், தோழி, கிழவி எனச் சிறு வேடங்கள் பலவற்றையும் ஏற்பான். அவன் பெண்ணாகும்போது மீசை மறைவதில்லை. குரல் நடுவில் தடம் புரண்டு ஆண்குரலாகிவிடும். துணிப்பந்து இடம் நழுவும். அவன் அதனை அவையறியவே சரிசெய்வான். ஸ்திரீபார்ட் நடிகருக்குப் பிழையாகும் ஒவ்வொன்றும் கோமாளிக்குக் கருவியாகிறது.

2. நகையின் இலக்கணமும் இலக்கியச் சான்றுகளும்

தொல்காப்பியம் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் அதன் நிலைக்களன்கள் எனக் கூறுகிறது. எள்ளலை விளக்கும் பேராசிரியர் அதனை இருதிறப்படுத்துவார்: தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறரால் தான் எள்ளப்பட்டவிடத்து நகுவது மற்றொன்று. நம் ஆய்வுப்பொருளுக்கு இப்பாகுபாடு மிகவும் பயன்படுவதாகும். கோமாளியின் கலை இரண்டாவதிலிருந்து தொடங்குகிறது. அவன் முதலில் தன்னை எள்ளலுக்கு ஆளாக்கிக்கொள்கிறான். அந்த உரிமையைப் பெற்ற பின்னரே பிறரை எள்ளத் துணிகிறான். ஏனைய மூன்று நிலைக்களன்களும் அவனுக்கு உரியனவே. பிள்ளைபோல் விளையாடுவதும், அறியாதவன்போல் வினவுவதும், சொன்னதைச் சொன்னபடியே நம்பிவிடுவதும் கோமாளியின் இயல்பான தொழில்கள் அல்லவா?

சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடல்களுள் 'பேடு' ஒன்று. தன் மகன் அநிருத்தனைச் சிறைமீட்பதற்காக வாணனின் நகரத்தில் காமன் பேடிக்கோலம் பூண்டு ஆடிய ஆடல் அது. பெண்ணாகிய மாதவி, ஆண்மை திரிந்த கோலத்தில் காமன் ஆடியதை ஆடிக் காட்டுகிறாள் என்பது ஊன்றி நோக்கத்தக்கது. ஓருடலின்மேல் வேடத்திற்குள் வேடமாக இரு பால்கள் அமைகின்றன. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதை இதனைத் தெருவிற்கே கொண்டு வருகிறது. புகார் நகரத் தெருவில் கள்ளுண்டு களித்தவனையும் பித்தேறியவனையும் சூழ்ந்து நின்ற கூட்டத்தைப்போலவே, பேடிக் கோலத்தில் ஆடுவோரைச் சூழ்ந்தும் ஒரு கூட்டம் நிற்கிறது. அங்குச் சாத்தனார் தரும் வருணனையில் சுருண்ட தாடியும் பூவணிந்த கூந்தலும் ஒரே முகத்தில் இடம்பெறுகின்றன. தாடியை மறைக்காத பெண்கோலம், தெரு, சுற்றிநின்று காணும் மக்கள் ஆகிய இம்மூன்றும் இணைந்த காட்சி, பிற்காலக் கோமாளியின் பெண்வேடத்தோடு நெருங்கிய ஒப்புமை உடையதாகும்.

இங்கே ஒரு வரம்பினைக் குறித்தல் வேண்டும். வேடம் வேறு, வாழ்வு வேறு. நன்னூல், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோரைப் பெண்பாலாகவும், பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவோரை ஆண்பாலாகவும் வகுக்கிறது. பவணந்தியார் இங்குப் பாலை முடிவு செய்யும்போது விருப்பத்தையே அளவுகோலாகக் கொள்கிறார். கோமாளி ஓரிரவுக்குப் பெண்ணாகி விடியலில் சேலையைக் களைபவன். திருநங்கையோ தம் வாழ்வையே அவ்வண்ணம் வாழ்பவர். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது இருவருக்குமே நீதி செய்வதாகாது. ஆயினும், வேடத்தைக் காணும் அவையின் சிரிப்பு, வாழ்வோரைக் காணும் தெருவின் சிரிப்பாக மாறக்கூடும் என்பதால் இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்றும் கூறிவிட இயலாது.

3. தோட்டத்தில் ஆணும் பெண்ணும்

மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணி முறையில் அழைத்து வரப்பட்டோருள் மிகுதியானோர் வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கற்பட்டு, சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் ஆகிய மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். இவற்றுள் வடமாவட்டங்கள் தெருக்கூத்தின் தாயகமாகும். எனவே கூத்தைக் காணும் பழக்கமும் கோமாளியை அறிந்த கண்ணும் அவர்களுடன் கப்பலேறி வந்தன எனக் கொள்வது பொருந்தும். மாரியம்மன், திரௌபதி அம்மன் வழிபாடுகள் இந்நாட்டில் வேரூன்றியமையும் இதற்குத் துணைச்சான்றாகும்.

கோலசிலாங்கூர் வட்டாரம் இந்நாட்டுத் தோட்டத்தொழில் வரலாற்றில் தனியிடம் பெற்றது. பிரெஞ்சு நாட்டவரான ஆன்றி ஃபோக்கோனியே 1917ஆம் ஆண்டு பத்தாங் பெர்ஜுந்தை அருகே, தமிழ்ச் சொல்லையே பெயராகத் தாங்கிய தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகமுறைச் செம்பனைப் பயிரீட்டைத் தொடங்கினார். பின்னர் அவர் தம் தோட்ட அனுபவங்களை அடிப்படையாகக் கொண்டு எழுதிய 'மலேசி' என்னும் பிரெஞ்சு நாவல் 1930ஆம் ஆண்டு கோன்கூர் பரிசைப் பெற்றது. புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், பத்தாங் பெர்ஜுந்தை எனத் தொடங்கி உலு சிலாங்கூர்வரை இரப்பரும் பின்னர்ச் செம்பனையும் சூழ்ந்த லயங்களிலேயே தமிழர் வாழ்வு அமைந்தது.

அத்தோட்ட வாழ்வில் ஆண், பெண் என்னும் வேறுபாடு வீட்டுக்குள் அடங்கிய ஒன்றாக இருக்கவில்லை. 1920களின் இறுதியில் மலாயாவின் முதன்மைத் தோட்டப் பகுதிகளில் நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் தரக்கூலியாக வகுக்கப்பட்டன. செக்ரோல் புத்தகத்தில் பெண் என்பதன் பொருள் பத்துக் காசு குறைவு என்பதே. மக்கள்தொகையிலும் ஏற்றத்தாழ்வு பெரிதாக இருந்தது. 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்போதும் மலாயா இந்தியருள் ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள்கூட இல்லை. பெண்கள் குறைவாக இருந்ததனால்தான் ஆண்கள் பெண்வேடமிட்டனர் என்று இதனைக்கொண்டு முடிவு செய்யத் தோன்றும். ஆனால் அம்முடிவு முழுமையானதன்று. தமிழகச் சிற்றூர்களில் பெண்கள் குறைவாக இல்லாதபோதும் கூத்தாடியவர்கள் ஆண்களே. மேலும், பெண் பற்றாக்குறை என்னும் காரணம் ஸ்திரீபார்ட்டை ஓரளவு விளக்கலாமே தவிர, மீசையோடு வரும் கோமாளியை விளக்காது. பெண்ணின் இடத்தை நிரப்புவதற்காக வந்தவன் மீசையை மழித்திருப்பான் அன்றோ?

ஆகவே கோமாளியின் சேலைக்கு வேறு பொருள் தேட வேண்டியுள்ளது. தோட்டத்தில் ஒருவர் எவ்வாறு நடக்க வேண்டும், எவர்முன் குனிய வேண்டும், எவரிடம் எக்குரலில் பேச வேண்டும் என்பன யாவும் வரையறுக்கப்பட்டிருந்தன. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிச் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவிய தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள், துரைமார் முன் தொழிலாளர் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிப்பதும் ஒன்றாகும். உடலின் அசைவுகளே அடிமைத்தனத்தின் குறியாக இருந்த இடத்தில், அவ்வசைவுகள் அனைத்தும் கற்றுக்கொண்டவையே, வேண்டுமானால் மாற்றியும் ஆடலாம் என்று ஒருவன் மேடையில் காட்டுவது சிறிய செயலன்று.

4. ஓருடலில் மூவர்

கோமாளி பெண்வேடத்தில் தோன்றும்போது அவை ஒரே வேளையில் மூவரைக் காண்கிறது. முதலாமவர், அவையோர் நன்கறிந்த ஊரார். தோட்ட மேடையில் உள்ளூர்க் கலைஞர் ஆடும்போது இது மேலும் கூர்மையடைகிறது. விடியற்காலைப் பெரட்டில் பக்கத்தில் நின்றவரும், பால்வாளியைச் சுமந்து வந்தவரும் அவரே. இரண்டாமவர், அவர் ஏற்றிருக்கும் கோமாளி. மூன்றாமவர், அக்கோமாளி ஆடிக்காட்டும் பெண். ஸ்திரீபார்ட் நடிகர் முதலாமவரை மறைத்து மூன்றாமவரை மட்டும் நிறுத்துகிறார். கோமாளியோ மூவரையும் திறந்து வைத்து, ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தாவுகிறார். நகை பிறப்பது அத்தாவலின்போதுதான்.

இத்தாவல் அவைக்குச் சிலவற்றை உணர்த்துகிறது. நாணிக் கோணி நிற்றல், முந்தானையை இழுத்துச் சொருகுதல், தலைகுனிந்து ஓரக்கண்ணால் நோக்குதல் ஆகியவற்றை ஓர் ஆண் இத்துணைத் துல்லியமாகச் செய்ய முடியுமாயின், அவை பிறப்பிலேயே பெண்ணுடலில் அமைந்தவை அல்ல, பழகியவை என்பது புலனாகும். அவ்வாறே, அவன் திடுமென மீசையை முறுக்கி நெஞ்சை நிமிர்த்தும்போது ஆண்மையும் ஒரு வேடமே என்பது தெரிய வருகிறது. அமெரிக்கச் சிந்தனையாளர் ஜூடித் பட்லர் 1990ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், பால்மாற்று வேடம் பாலினத்தின் போலச்செய்தல் தன்மையை வெளிப்படுத்துகிறது என வாதிட்டார். அவர் கோட்பாடாக எடுத்துரைத்ததைக் கட்டியக்காரன் இடுப்பசைவால் காட்டிவந்தான் எனலாம்.

வேடமிடுபவரின் நிலையும் கருதத்தக்கது. ழாக் லெகோக் 1956ஆம் ஆண்டு பாரிசில் நிறுவிய நாடகப் பள்ளியில், 1960களில் கோமாளிக் கலை பாடமாயிற்று. சிவப்பு மூக்கை உலகிலேயே மிகச் சிறிய முகமூடியாகக் கருதிய அவர், மாணவர் பிறரைப் பார்த்துச் செய்யும் கேலியை விடுத்துத் தம்மிடமுள்ள நகைப்புக்குரிய இயல்பைத் தாமே கண்டு அதனை ஏற்றுக்கொள்வதையே கோமாளியின் பிறப்பாகக் கொண்டார். மேலை நாடுகளில் அண்மைக்காலத்தில் பால்மாற்று வேடத்தையும் கோமாளிக் கலையையும் இணைத்து, ஒருவர் தம்முள் இருக்கும் பல தன்மைகளை விளையாட்டாக வெளிப்படுத்திப் பார்க்கும் முயற்சிகள் பெருகி வருகின்றன. நம் கூத்து மரபில் இவ்விணைப்பு முன்னரே உள்ளது. வாழ்வில் வாய் திறக்காத ஒருவர் கிழவி வேடத்தில் வாயாடியாகலாம். கடுமைக்குப் பேர்போனவர் கொஞ்சலாம். மென்மையைத் தம்மிடம் உணர்ந்தும் அதனைக் காட்ட அஞ்சியவர் அதற்கு ஓரிரவு இடம் பெறலாம். 'எல்லாம் வேசந்தானே' என்னும் ஒரு சொல் அவருக்குக் காப்பாகிறது. அச்சொல்லின் நிழலிலேயே கங்காணி, கிராணி, துரை ஆகியோரைத் தொட்டுப் பேசும் துணிவும் பிறக்கக்கூடும். நிகழ்காலத்தையும் ஊர்ச்செய்தியையும் கதைக்குள் கொணரும் கட்டியக்காரனின் மரபுரிமை இதற்கு வழிவகுக்கிறது.

5. அண்டை மரபுகள்

இவ்விணைப்பு தமிழருக்கு மட்டும் உரியதன்று. கிளந்தானின் மாக்யோங் நாடகத்தில் தலைமை வேடமாகிய பாக்யோங்கைப் பெண்களே ஏற்பது வழக்கம். அவருக்குத் துணையாக வருபவன் பெரான் எனப்படும் கோமாளி. ஆணாக நிற்கும் பெண்ணும் அவளை வினவும் கோமாளியும் சேர்ந்தே அந்நாடகத்தை நடத்துகின்றனர். 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதனை மனிதகுலத்தின் அரும்பெரும் மரபுகளுள் ஒன்றாக அறிவித்தது. ஆயினும் கிளந்தானில் 1991 முதல் இக்கலை பொதுமேடையில் தடைசெய்யப்பட்டிருந்து, 2019ஆம் ஆண்டு நிபந்தனைகளுடன் அனுமதிக்கப்பட்டது. விளையாட்டு எனக் கருதப்படும் பால்மாற்று வேடம் அதிகாரத்திற்கு விளையாட்டாகப் படுவதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

தோட்டத் தமிழர் நிலையோடு இன்னும் நெருங்கி வருவது கிழக்கு சாவகத்தின் லுட்ருக் நாடகம். அமெரிக்க மானிடவியலாளர் ஜேம்ஸ் பீகாக் 1960களின் தொடக்கத்தில் சுராபாயாவில் ஆய்வு செய்து 1968ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், தொழிலாளர் பெருந்திரளாகக் கண்டுகளித்த இந்நாடகத்தின் அடையாளங்களாக இரு வேடங்களைச் சுட்டுகிறார்: ஒன்று கோமாளி; மற்றொன்று பெண்கோலத்தில் பாடும் ஆண். லுட்ருக்கில் இவ்விரண்டும் பெரும்பாலும் இருவரிடம் பிரிந்து நிற்கின்றன. பாடகர் அழகால் ஈர்க்கிறார், கோமாளி சிரிப்பால் தாக்குகிறார். தமிழ்க் கூத்தின் கோமாளியிடத்திலோ இரண்டும் ஓருடலில் கலக்கின்றன. சாவகத்திலிருந்து வந்து குடியேறியோரின் வழித்தோன்றல்கள் கோலசிலாங்கூர், சபாக் பெர்ணம் மாவட்டங்களில் பெருமளவில் வாழ்கின்றனர் என்பதனால், இவ்வட்டாரத்தில் இரு மரபுகளையும் ஒப்பிட்டு ஆராய்வது பயனுடைய பணியாக அமையும்.

6. நகை எவர்மேல் விழுகிறது?

பெண்வேடக் கோமாளியை முழுவதும் போற்றிவிடுவதும் நேர்மையாகாது. பட்லரே 1993ஆம் ஆண்டு எழுதிய மற்றொரு நூலில், பால்மாற்று வேடம் எல்லா நிலையிலும் ஒழுங்கைக் குலைப்பதன்று, சில வேளைகளில் அதனை உறுதிப்படுத்தவும் செய்யும் எனத் தெளிவுபடுத்தினார். தமிழ் மேடையிலும் இவ்விரண்டு விளைவுகளுக்கும் சான்றுகள் உண்டு. தமிழகத்து ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களைப் பற்றிச் சூசன் சைசர் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுநூல், பபூனின் நகைச்சுவையையும் அம்மேடைப் பெண்கள் சுமக்கும் பழிச்சொல்லையும் ஒருங்கே விளக்குகிறது. மேடையில் எழும் சிரிப்பின் விலையை மேடைக்கு வெளியே ஒருவர் கொடுக்க நேரிடுகிறது. பெண்வேடத்தில் தேர்ந்த ஆண்களும் ஊரில் இதே பழிச்சொல்லுக்கு ஆளானதுண்டு.

எனவே மதிப்பீட்டிற்கு ஓர் அளவுகோல் தேவை. முன்னர்க் கண்ட பேராசிரியரின் பாகுபாடே இங்கும் உதவுகிறது. கோமாளி தன்னை எள்ளுதலில் தொடங்கி, ஒழுங்கையும் அதிகாரத்தையும் நோக்கி நகர்ந்தால் நகை மேல்நோக்கிச் செல்கிறது. தன்னை விட்டுவிட்டு, கருத்தவள், பருத்தவள், கைம்பெண், திருநங்கை எனத் தன்னினும் வலிமை குறைந்தோரைச் சுட்டினால் நகை கீழ்நோக்கி விழுகிறது. சேலையும் கொண்டையும் இரண்டிலும் ஒன்றே. 1996ஆம் ஆண்டு வெளிவந்த 'அவ்வை சண்முகி' திரைப்படம், ஔவை சண்முகத்தின் பெயரை நினைவூட்டியபடியே ஸ்திரீபார்ட்டின் மறைத்தற்கலையையும் கோமாளியின் வெளிக்காட்டற்கலையையும் இணைத்தது. கதைமாந்தர் அறியாத ஆணை அவையோர் எந்நேரமும் அறிந்திருக்கின்றனர். ஆனால் அதனைப் பின்பற்றி எழுந்த தொலைக்காட்சி, திருமண மேடைக் காட்சிகள் பலவற்றில் உதட்டுச்சாயமும் துணிப்பந்தும் மட்டுமே எஞ்சின. தன்னை எள்ளும் கோமாளி மறைந்துவிட்டான்.

அண்மைக்காலத் தமிழ் அரங்கில் இதற்கு மறுமொழியும் பிறந்துள்ளது. அ. மங்கை, கண்ணாடிக் கலைக்குழுவுடன் இணைந்து திருநங்கையர் தம் கதையைத் தாமே நடிக்கும் நாடகங்களை உருவாக்கினார். சென்னையில் ஸ்ரீஜித் சுந்தரம் வழிநடத்தும் குழு 'கட்டியக்காரி' என்றே பெயர் கொண்டது. பாமாவின் சிறுகதையைத் தழுவிய 'மொளகாப்பொடி' என்னும் அதன் நாடகத்தில் திருநங்கைக் கலைஞர்கள் நகைச்சுவையோடு நடித்தனர். லிவிங் ஸ்மைல் வித்யா முதலியோர் 2014ஆம் ஆண்டு தொடங்கிய பன்மை அரங்கக் குழுவும் இவ்வழியில் வந்ததே. காஞ்சிபுரம் அருகே பெ. இராசகோபாலும் ஹன்னே டி புரூனும் 2002 முதல் 2020 வரை நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பயின்ற பெண்பிள்ளைகள் ஆண்வேடங்களைக் கட்டி ஆடினர். நகைப்புக்கு இலக்காக இருந்தவர்களே நகைப்பின் ஆசிரியர்களாகியுள்ளனர் என்பது இம்முயற்சிகளின் சிறப்பு.

7. தமிழாசிரியர் செய்யத்தக்கன

வடசிலாங்கூரில் இம்மரபின் அவை கலைந்துவிட்டது. இரப்பர் செம்பனைக்கும், தோட்டம் வீட்டு மனைக்கும் இடம் கொடுத்தபோது லயங்களும் திருவிழாத் திடல்களும் மறைந்தன. 2007ஆம் ஆண்டு பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்ற பத்தாங் பெர்ஜுந்தையைச் சூழ்ந்த மேரி, நைஜல் கார்டினர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் குடும்பங்கள் வீட்டுரிமைக்காகப் பல்லாண்டுகள் காத்திருந்தமை நாடறிந்த செய்தி. வேடமிட்டவரை அவை அறிந்திருப்பதே கோமாளிக்கலையின் அடிப்படை எனக் கண்டோம். ஒருவரையொருவர் அறிந்த அவை சிதறும்போது கலையும் உடன் சிதறுகிறது. எஞ்சியிருப்பது முதியோர் நினைவு மட்டுமே. அதற்கும் காலம் குறுகிவருகிறது.

ஆதலின் இவ்வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மாணவர் துணையுடன் இந்நினைவுகளைப் பதிவு செய்தல் வேண்டும். 'என்னென்ன நாடகம் போட்டார்கள்?' என்று மட்டும் கேட்டால் தலைப்புகளின் பட்டியலே கிடைக்கும். பெண்வேடமிட்டவர் என்ன வேலை பார்த்தவர்? சேலையைக் கொடுத்தவர் எவர்? மீசை மழிக்கப்பட்டதா, வைக்கப்பட்டதா? குரல் மாற்றப்பட்டதா? எவரைப்போல் நடித்துக் காட்டினார்? பெண்கள் எவ்விடத்தில் சிரித்தனர், எவ்விடத்தில் சிரிக்கவில்லை? மறுநாள் வேலைக்காட்டில் அவரை எவ்வாறு அழைத்தனர்? பெண்கள் தமக்குள் கூடியபோது ஆண்களைப்போல் நடித்துக் காட்டியதுண்டா? இத்தகைய வினாக்களே கலையின் இயக்கத்தை வெளிக்கொணரும். சொல்பவர் இசைவின்றி வேடமிட்டவரின் பெயரை வெளியிடாமை இப்பணியின் முதல் ஒழுக்கமாகும்.

வகுப்பறைக்கும் இது தொடர்புடையதே. ஆசிரியர் தினத்திலும் பள்ளி விழாவிலும் மாணவன் ஒருவனுக்குச் சேலை உடுத்தி மேடையேற்றுவது நம்மிடையே அரிதன்று. அவனே விரும்பி ஏற்றானா, அன்றிப் பிறர் சிரிக்கத் தள்ளப்பட்டானா என்பதை ஆசிரியர் அறிதல் வேண்டும். விரும்பி ஏற்ற மாணவனுக்குக் கட்டியக்காரனின் கலையைக் கற்பிக்கலாம். அவையோடு பேசவும், தன்னை எள்ளிக்கொள்ளவும், நொடியில் வேடம் மாறவும் பயிற்றலாம். மாணவிக்கும் அவ்வாய்ப்பை வழங்கலாம். கட்டியக்காரி ஆவதற்குத் தடையேதும் இல்லை. மென்னடையோ மென்குரலோ உடைய மாணவன் ஒருவன் அவ்வரங்கில் அமர்ந்திருக்கக்கூடும் என்பதையும் மறத்தலாகாது. மேடையில் எழும் சிரிப்பு தன்னையும் சேர்த்துக்கொள்கிறதா, தன்னை நோக்கி எறியப்படுகிறதா என்பதை அவன் எவரினும் முன்னதாக உணர்வான். மறுநாள் அவன் பள்ளிக்கு வருவதும் வராமற்போவதும்கூட அச்சிரிப்பைப் பொறுத்திருக்கலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கூத்து மரபின் பெண்வேடம் மறைத்தல், வெளிக்காட்டல் என்னும் இரு வேறு கலைகளாக இயங்கிவந்தமையும், அவற்றுள் கோமாளிக்குரியது பின்னதே என்பதும் தெளிவாகும். ஆணுக்கும் பெண்ணுக்கும், துரைக்கும் தொழிலாளிக்கும் உரிய நடையுடை பாவனைகள் கடுமையாக வரையறுக்கப்பட்டிருந்த தோட்ட வாழ்வில், அவையாவும் பழகியவையே என்பதை விளையாட்டாகக் காட்டும் ஆற்றல் அக்கலைக்கு இருந்தது. தன்னை எள்ளுதல் என்னும் முதற்படியை இழந்தபோது அதே வேடம் எளியோரை இழிவுசெய்யும் கருவியாகவும் மாறியது. சிலப்பதிகாரம், மணிமேகலை, நன்னூல் ஆகியவற்றைக் கற்பிக்கும் தமிழாசிரியர்கள், அந்நூல்கள் அறிந்த ஒன்றையே தோட்டத்துக் கோமாளியும் அறிந்திருந்தான் என்பதை மாணவர்க்கு உணர்த்த இயலும். அதற்கு முன்னதாக, அவனைக் கண்டவர்கள் நம்மிடையே வாழும்போதே அவர்களிடம் சென்று கேட்டறிதல் நம் கடமையாகும்.